ரோட்டு மட்டத்துக்கு இரண்டடி மேலே

லீட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கிருத்திகா எழுதுவது. குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்களும் அத்தையும் கொப்புடையம்மன் புண்ணியத்தில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் உங்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கு அழுகை வருகிறது, நடுவில் அத்தை போனைப் பிடுங்கி "சாப்பிட்டியாடி" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இனிமேல் தாளில் எழுதுவோம், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம் என்றேன். நீங்களும் சரி என்றீர்கள். சொன்னதோடு சரி, ஒரு மாதமாக ஒரு வரியைக் காணோம். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

"அப்படி என்னதான் வேலை அது?" என்று நான் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்கும் வராமல், வாசலில் நின்று கேட்டீர்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். மழை, மண், ஓடை, கண்மாய் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, இவ்வளவு மழை பெய்தால் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்கிற பெரிய கணினி மாதிரிகள் இருக்கின்றன. நன்றாகத்தான் சொல்லும். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் நமக்கு ஆயுசு போதாது. அதனால் பெரிய மாதிரியிடம் பார்த்துப் பொறுக்கிக் கொஞ்சம் கேள்விகள் மட்டும் கேட்போம். அந்தப் பதில்களிலிருந்து ஒரு சின்ன மாதிரி கற்றுக்கொள்ளும். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். பிறகு எதைக் கேட்டாலும் அது உடனே ஊகித்துச் சொல்லிவிடும். "இந்த இடத்தில் எனக்கு நிச்சயம், அந்த இடத்தில் சந்தேகம்" என்பதையும் சேர்த்தே சொல்லும். எந்த ஊர்க்காரரும் தங்களுக்கு வேண்டிய சின்ன மாதிரியைத் தாங்களே செய்துகொள்ள ஒரு மென்பொருள் எழுதுகிறோம். அதுதான் என் வேலை.

சோதித்துப் பார்க்க ஒரு ஊர் வேண்டும் என்றார்கள். நான் மானகிரிக் கண்மாயைச் சொல்லிவிட்டேன். கூட வேலை பார்க்கும் மெய்யநாதன் சிங்கம்புணரிக்காரர், அவருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் செயற்கைக்கோள் சொல்லும் தரை உயரம் அங்கே ஆளுயரத்துக்குத் தப்பாக இருக்கிறது. அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த இடம் கண்மாய்க்கு அருகில்தானே. அது ரோட்டு மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று பார்த்து எழுதுங்கள். வீடு கட்டிக் கொடுக்கிறவர் நீங்கள், மட்டம் பார்க்கிற கருவி உங்களிடம் இருக்கிறது.

உங்கள்
கிருத்திகா

*

காரைக்குடி
16 மார்ச் 2025

அன்புள்ள கிருத்திக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், அம்மா டாக்டரை மாற்றச் சொல்கிறது.

உன் வேலை எனக்குப் புரிந்துவிட்டது. நாலு கேள்வி கேட்டுவிட்டு மிச்சத்தைத் தானாகவே முடிவு செய்வது. அதைக் கற்றுக்கொள்ள லீட்ஸ் வரைக்கும் போயிருக்க வேண்டாம், நம் தெருவிலேயே இரண்டு பேர் நன்றாகச் செய்கிறார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. உலகத்தில் எத்தனையோ கண்மாய் இருக்க, உன் சீர் இடத்தின் மட்டம் எதற்கு? போகும்போது எல்லாவற்றுக்கும் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாய். விற்கிற யோசனை இருந்தால் நேராகச் சொல். சுற்றி வளைத்து மாதிரி, செயற்கைக்கோள் என்று சொல்ல வேண்டாம்.

மட்டம் கேட்டாய். ரோட்டு மட்டத்துக்கு இரண்டடி மேலே. எழுதிக்கொள்.

அந்த மெய்யநாதன்தான் பனியில் எடுத்த போட்டோவில் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவரா? கேட்டேன், அவ்வளவுதான்.

"ஆகஸ்ட்டுல எந்தத் தேதி வாறாளாம்? இப்பவே வத்தல் போட்டு வச்சாத்தானே" என்று அம்மா தினமும் கேட்கிறது. உன் இரண்டு வருஷம் ஆகஸ்டோடு முடிகிறதே, தேதி எழுது.

விக்னேஸ்வரன்

*

லீட்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தையை மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடை என்னுடையது. நான் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவர் பிடித்தார். இதையும் விளக்கி எழுத வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது.

நீங்கள் சொன்ன மட்டத்தைக் கொடுத்தேன். மென்பொருள் அதைத் தள்ளிவிட்டது. எங்கள் மென்பொருளின் முதல் வேலையே அதுதான். முன்னால் நடந்து முடிந்த ஒன்றோடு பொருந்தாத எதையும் அது நம்பாது. நடந்ததாக நான் கொடுத்திருந்தது என் ஞாபகத்தைத்தான். ஒன்பதாவது படித்த வருஷம் ஐப்பசி மழையில் அந்த இடத்தில் அப்பாவும் நானும் முட்டியளவுத் தண்ணீரில் நின்றோம். ரோட்டில் தண்ணீர் இல்லை, அப்பாவின் சைக்கிள் ரோட்டில்தான் நின்றது. ரோட்டைவிட இரண்டடி உயரமான இடத்தில் முட்டியளவுத் தண்ணீர் எப்படி நிற்கும்?

நாங்கள் ரோட்டிலிருந்து அந்த இடத்துக்கு இறங்கித்தான் போவோம். ஏறிப் போனதாக எனக்கு நினைவே இல்லை. அங்கே ஏதாவது நடக்கிறதா? மண் அடித்து யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? பவர் உங்களிடம் இருக்கிறது, எனக்கும் தெரியும். கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். மட்டத்தை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

உங்கள்
கிருத்திகா

*

காரைக்குடி
7 ஏப்ரல் 2025

கிருத்திகாவுக்கு,

இரண்டடி என்றால் இரண்டடி. இருபது வருஷமாக இந்த ஊரில் மட்டம் பார்க்கிறேன். நான் போட்ட தரையில் எங்கேயும் தண்ணீர் தேங்கியது என்று ஒருத்தர் சொல்லட்டும். லீட்ஸில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு என்மேல் சந்தேகம் என்றால், அதை இங்கே கொண்டுவந்து தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் பார்க்கச் சொல்.

பெட்டிக்குச் சந்தேகமா உனக்குச் சந்தேகமா என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆகஸ்டில் எந்தத் தேதி என்று கேட்டிருந்தேன். அம்மாவின் முழங்காலுக்குப் பதில் வந்திருக்கிறது, குடைக்குப் பதில் வந்திருக்கிறது, அதற்கு மட்டும் வரவில்லை. பதில் வராத கேள்வியை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

விக்னேஸ்வரன்

*

காரைக்குடி
18 மே 2025

கிருத்திகாவுக்கு,

நீ பதில் எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது. பதிலுக்குப் பதிலாக ஆளே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் திருக்கோஷ்டியூரில் ஒரு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். கொத்தனார் பாண்டிமுருகன் போன் பண்ணினான். "மொதலாளி, ஒரு சார் வந்தாக. கையில நீட்டுக் குச்சி, அது தலையில வட்டமா ஒரு பொட்டி மாட்டுனது. கிருத்திகா மேடம் இடம் இதுதானேன்னு கேட்டாக. அங்குட்டும் இங்குட்டும் குச்சிய ஊண்டி ஊண்டிப் பாத்தாக. போட்டோவும் எடுத்தாக" என்றான். நம்பரை வாங்கி வைத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் நான் கூப்பிட்டேன். உன் குடைக்காரர். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தவராம், அப்படியே நம் இடத்தையும் அளந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

நன்றாகத்தான் பேசினார். "மேடம் இன்னும் ஒரு வருஷம் அங்கதான இருக்காங்க, அதுக்குள்ள இந்த வேலை முடிஞ்சுரும்" என்றார்.

இன்னும் ஒரு வருஷம். அதை ஊரான் வாயால் தெரிந்துகொண்டேன். அம்மா பக்கத்தில் நின்று வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புருஷன் சொன்ன அளவை நம்பாமல் அடுத்த ஆளை விட்டு அளக்கிறாய். வருகிற தேதியையும் அடுத்த ஆள்தான் எனக்குச் சொல்கிறார். இதற்குமேல் நான் என்ன ஊகிக்க வேண்டும் என்று நீயே சொல்லிவிடு.

விக்னேஸ்வரன்

*

லீட்ஸ்
20 மே 2025

அத்தானுக்கு,

ஆமாம், நான்தான் அனுப்பினேன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன பொய் என்றுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அனுப்பினேன்.

தெரிந்தும் போயிற்று. என் இடத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. பேஸ்மட்டம் நாலடி உயரம். ரோட்டு மட்டத்துக்கு இரண்டடி மேலே என்று நீங்கள் எழுதியது அந்தப் பேஸ்மட்டத்தின் தலையை. தரை ரோட்டுக்கு இரண்டடி கீழே, அப்பாவும் நானும் நின்றபோது இருந்ததுபோலவே இருக்கிறது. யார் வீடு என்று மெய்யநாதன் உங்கள் கொத்தனாரைக் கேட்டிருக்கிறார். "யாரு வீடுன்னு கேட்டா சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காக" என்றானாம்.

ஏன் சொல்லக் கூடாது? யாருக்குக் கொடுத்தீர்கள்? அப்பாவிடமிருந்து எனக்கென்று வந்தது வேறு எதுவும் இல்லை அத்தான். அந்த ஒரு இடம்தான். அதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷ நீட்டிப்புக்கு ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் "அங்கேயே இருந்துக்க" என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். போனில் ஒருமுறை சொன்னவர்தானே.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கிருத்திகா

*

லீட்ஸ்
22 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு மறுபடி எழுதுகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

மெய்யநாதன் அனுப்பிய போட்டோக்களை இன்று திரும்பப் பார்த்தேன். முந்தாநாள் பேஸ்மட்டத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், கோபத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. சுவர் எல்லாப் பக்கமும் ஜன்னல் அடிமட்டம் வரை வந்திருக்கிறது. பின்வாசலுக்கு நிலை வைத்தாயிற்று. சமையல்கட்டுக்கு நிலை வைத்தாயிற்று. முன்வாசலில் நிலை இல்லை. இரண்டு பக்கமும் சுவரை நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டு, பலகை வைத்து அடைத்திருக்கிறீர்கள்.

மெய்யநாதனுக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்? நான் சிவசங்கரன் ஆசாரி மகள். முன்வாசல் நிலையை முதலில் நிறுத்திவிட்டுத்தான் பக்கத்துச் சுவரில் செங்கல் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இருபது வருஷத்தில் ஒரு வீட்டிலாவது நீங்கள் இப்படிச் செய்ததுண்டா? பிறகு நிலையை உள்ளே நுழைக்க எவ்வளவு சிரமப்பட வேண்டும்!

நம் வீடுகளில் முன்வாசல் நிலைக்கு வீட்டுக்காரி மஞ்சள் தடவிப் பொட்டு வைக்காமல் தூக்கி நிறுத்த மாட்டார்கள். விலைக்குக் கட்டும் வீடாக இருந்தால் வாங்கியவர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு என்றைக்கோ வைத்திருப்பீர்கள். கூப்பிட முடியாத தூரத்தில் இருக்கிற யாருக்காகவோ அந்த வாசல் காலியாக இருக்கிறது.

அத்தான், அது யார் வீடு? நான் எதையும் முடிவு செய்துகொள்ளவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

கிருத்திகா

*

காரைக்குடி
28 மே 2025

அன்புள்ள கிருத்திக்கு,

உன் வீடுதான்.

கீழே ஒரு அறை, மாடியில் உனக்கு மேசை போட ஒரு அறை, அதில் கண்மாய் தெரிகிற மாதிரி ஜன்னல். தை மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினேன். முன்வாசல் நிலை தேக்கில் செய்து முடித்தாயிற்று. சாக்கைச் சுற்றி நம் ஷெட்டில் கிடக்கிறது. பாண்டிமுருகன் நிலையை வைத்துவிட்டுச் சுவரை ஏற்றலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான். "பொம்பள இல்லாம எப்படிடா வைக்கிறது" என்று அவனைத் திட்டினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஏன் உன்னிடம் மறைத்தேன் என்று கேட்பாய். உன்னை ஆச்சரியப்படுத்தத்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பாதிதான் உண்மை. சொன்னால் நீ "கட்ட வேண்டாம், நான் வருவது நிச்சயமில்லை" என்று எழுதிவிடுவாயோ என்று பயந்தேன். வீடு பாதி எழும்பிவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனசு வராது என்று கணக்குப் போட்டேன். திருட்டுத்தனம்தான். மட்டம் கேட்டாய்; தரையைச் சொல்வதற்குத் தரை கண்ணில் தெரியவில்லை, பேஸ்மட்டம்தான் தெரிந்தது. எங்கள் தொழிலில் வீட்டு மட்டம் என்றால் அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ கேட்டது வீட்டு மட்டத்தை அல்ல என்று தெரிந்தேதான் எழுதினேன்.

இன்னொன்று. ஒரு குடை, ஒரு பதில் வராத தேதி, வராத கடிதம் என்று நாலைந்தை வைத்துக்கொண்டு உன்னைப் பற்றி நானும் ஒரு சின்ன மாதிரி செய்து வைத்திருந்தேன். உன்னுடையதற்காவது சந்தேகம் வரும் என்று எழுதியிருந்தாய். என்னுடையதற்கு எல்லாமே நிச்சயம். ராத்திரி பகல் என்று இல்லாமல் நிச்சயமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மனிதரிடம் போனில் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசினேன், நான் வருந்துவதாகச் சொல்லிவிடு.

இப்போது வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். தரை ரோட்டுக்கு இரண்டடி கீழே. பேஸ்மட்டம் தரையிலிருந்து நாலடி. இதைக் கொடுத்து உன் பெட்டியைக் கேள், இது போதுமா என்று. போதாது என்றால் இடிப்பேன், கூச்சமில்லை.

இரண்டாவது கேள்வி பெட்டிக்கு இல்லை. நீ வருவாயா, மாட்டாயா? நான் ஊகிக்கவில்லை, கேட்கிறேன். மாட்டேன் என்றாலும் எழுது. அந்த வாசலை அடைத்துவிடுகிறேன், இடம் உன் பெயரில் அப்படியே இருக்கும்.

அம்மாவிடம் ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டேன். வத்தல் டப்பாவை இறுக்கி மூடியது. பிறகு "வத்தல் கெட்டா போகுது" என்றது.

உன்
விக்னேஸ்வரன்

*

லீட்ஸ்
3 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். மழை வேறு. குடை கொண்டுபோகவில்லை.

முதல் கேள்விக்குப் பதில். சரியான மட்டத்தைக் கொடுத்ததும் சின்ன மாதிரி அந்த ஐப்பசியை அப்படியே சொல்லிவிட்டது, என் முட்டி வரை. பிறகு அதைவிடப் பெரிய மழையைக் கொடுத்தேன். மூன்றரை அடி தண்ணீர் நிற்கும் என்றது. ஆனால் இரண்டடியும் இருக்கலாம், ஐந்தடியும் இருக்கலாம், தனக்குத் தெரியவில்லை என்று சேர்த்துச் சொன்னது. இந்தக் கண்மாய்ப் பக்கத்தில் வேறெந்த இடத்திலும் அது இவ்வளவு சந்தேகப்படவில்லை. அப்படி வந்தால் ஊகிப்பதை விட்டுவிட்டுப் பெரிய மாதிரியிடமே போய்க் கேட்போம். கேட்டேன். இரண்டு நாள் நானும் சரியாகத் தூங்கவில்லை. நாலேமுக்கால் அடி என்று சொல்லிவிட்டது.

உங்கள் பேஸ்மட்டம் நாலடி. போதாது. இடிக்க வேண்டாம், உள்ளே மண் நிரப்பி இன்னும் இரண்டடி ஏற்றுங்கள். சுவர் ஜன்னல் அடிமட்டத்தோடு நிற்பதால் தப்பித்தோம். பின்வாசல் நிலையையும் சமையல்கட்டு நிலையையும் பெயர்த்து மேலே வைக்க வேண்டியிருக்கும். முன்வாசலில் பெயர்க்க ஒன்றும் இல்லை. பாண்டிமுருகனிடம் இதைச் சொல்லுங்கள், யார் பைத்தியம் என்று அவனுக்குத் தெரியட்டும்.

இரண்டாவது கேள்விக்கும் நேராகவே சொல்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் என்னிடம் இப்படி நேராகக் கேட்ட முதல் கேள்வி இதுதான். இந்த ஒரு வருஷத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டதற்காக மட்டும் இல்லை, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பிடித்திருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் முடியும். முடிந்ததும் அந்த மாடி அறையில் மேசை போட்டு, கண்மாயைப் பார்த்துக்கொண்டு மிச்ச வேலையைச் செய்வேன்.

இந்த ஆவணியில் மூன்று வாரம் விடுப்பு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் காட்டி, அதற்குள் நிலை வைக்க ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தச் சாக்கை யாரும் பிரிக்கக் கூடாது.

விமான நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். போன தடவை வராததை நான் இன்னும் மறக்கவில்லை.

பேஸ்மட்டம் ஏற்றி முடித்ததும் மட்டம் பார்த்து எழுதுங்கள் அத்தான். இந்த முறை தரையிலிருந்து.

உங்கள்
கிருத்தி